சோறு வடிக்கப் பள்ளிக்கூடம் எதற்கு? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த என் மகள், பிளஸ் ஒன்னில் மனையியல் உள்ள பிரிவில்தான் சேருவேன் என்கிறாள். "சோறு வடிக்கப் பள்ளிக்கூடம் எதற்கு? நீ சொல்லிக்கொடுத்தால் போதாதா?" என்று கேட்கிறார் என் மாமனார். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனும் அக்காவைக் கேலி செய்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வாசகி, கரூர்

அன்புள்ள அம்மா,

சோறு வடிப்பதிலிருந்தே தொடங்குகிறேன். ஜப்பானில் ஐந்து, ஆறாம் வகுப்புகளில் மனையியல் உண்டு. சோறு சமைப்பது அதில் ஒரு பாடம். பல பள்ளிகளில் அரிசியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் உலையேற்றுகிறார்கள். ஊறிய அரிசி வெளுப்பதையும், கொதியில் சுழல்வதையும், நீர் வற்றியதும் அடங்குவதையும் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். பையன்களும்தான். அந்த வகுப்புகளில் 1947 முதலே இருபாலருக்கும் இந்தப் பாடம் இருக்கிறது. நடுநிலையில் 1993இலும் மேல்நிலையில் 1994இலும் எல்லோருக்கும் கட்டாயமானது. 2022 முதல் மேல்நிலை மனையியலில் முதலீடும் சேர்ந்திருக்கிறது.

நாமோ அதைப் பெண்பிள்ளைகளின் பாடமாக்கி ஒதுக்கிவிட்டோம். எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

என் அம்மா சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பார். இரத்தசோகைக்கு மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் அந்தத் தேநீரோடுதான் விழுங்குவார். இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் தடுக்கும், எலுமிச்சைச் சாறு கூட்டும் என்று சொல்ல, பட்டதாரிகள் நிறைந்த எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவின் சமையலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இது கைப்பக்குவத்தால் வருகிற அறிவு அல்லவே.

என் தம்பி பொறியியல் படித்தவன். "12 சதவீதம்தான்" என்றார்கள் என்று 1,00,000 ரூபாய் கடன் வாங்கினான். மாதம் 9,333 ரூபாய், 12 தவணை. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தது; வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழு ஒரு லட்சத்துக்கும் போடப்பட்டிருந்தது. குறைகிற அசலுக்குக் கணக்கிட்டால் வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. அவன் நுண்கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவன். குடும்ப வரவு செலவையும் கடனையும் நுகர்வோர் உரிமையையும் சேர்த்துக் கற்பிக்கிற வகுப்பில் அவன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

மகளைத் தயங்காமல் சேருங்கள். மேலே படிக்கவும் வழி இருக்கிறது. கோவையில் அவினாசிலிங்கம் 1957இல் தொடங்கிய மனையியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். உணவியல், துணியியல், குழந்தை வளர்ச்சி என்று துறைகள் விரிகின்றன.

மாமனாரிடம் வாதாட வேண்டாம். அவர் மாத்திரையை எதோடு விழுங்குகிறார் என்று மட்டும் பாருங்கள். அக்கா புத்தகத்தைக் கொண்டுவரும் நாளில் தம்பியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். சட்டைப் பொத்தான் தைப்பதிலிருந்து அவன் தொடங்கட்டும்.

அன்புடன்.