தாத்தாவின் வெள்ளி ரூபாய்களுக்கு எந்த விலைப் புத்தகத்தை நம்பலாம்?

கேள்வி: தாத்தாவின் தகர டப்பாவில் முப்பது, நாற்பது பழைய காசுகள் இருக்கின்றன. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள், ஓட்டைக் காலணா, கொஞ்சம் பித்தளை இருபது பைசா. இப்போதைக்கு விற்கும் எண்ணமில்லை, மதிப்பு தெரிந்தால் போதும். புத்தகங்களில் ஆளுக்கொரு விலை, யூடியூபில் லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: யூடியூபை முதலில் விட்டுவிடுங்கள். அங்கே வருவது யாரோ கேட்கும் விலை. உங்களுக்குத் தேவை, ஒருவர் உண்மையில் பணம் கொடுத்து வாங்கிய விலை. பழைய காசு வாங்குவதாகத் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

புத்தகத்துக்கு முன்னால் வெள்ளிக் கணக்கைப் போட்டுவிடுங்கள். தாடி வைத்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். அவருடைய ரூபாய் 11.66 கிராம், அதில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. தாடியில்லாதவர் ஆறாம் ஜார்ஜ். அவர் காசில் 1940 முதல் 1945 வரை வெள்ளி பாதிதான். 1947 ரூபாய் வெறும் நிக்கல். காசிலுள்ள வெள்ளியின் எடையை இன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை கிடைத்துவிடும். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இனி புத்தகம். கடையில் கையில் எடுத்ததும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் பக்கத்தைப் புரட்டுங்கள். 1911 காசில் மன்னரின் அங்கியில் உள்ள யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912இல் உருவத்தைத் திருத்தினார்கள். அதே மன்னர், அதே வெள்ளி, ஆனாலும் 1911க்கு மவுசு அதிகம். இரண்டுக்கும் தனித்தனி விலை இருக்கிறதா? காசை அடித்த நாணயசாலை பம்பாயா, கல்கத்தாவா என்று பிரித்திருக்கிறதா? (பின்பக்கம் கீழே தாமரைப் பூவுக்கு அடியில் சிறு புள்ளி இருந்தால் பம்பாய்.) தேய்ந்தது, நடுத்தரம், புத்தம் புதியது என்று தரத்துக்கொரு விலை இருக்கிறதா? ஒரு காசுக்கு ஒரே விலை போட்ட புத்தகத்தை அங்கேயே வைத்துவிடுங்கள். வெளியிட்டவர் யார் என்றும் பாருங்கள். காசு வியாபாரியே போட்டதென்றால் அது அவர் விற்கும் விலையாக இருக்கலாம். உங்களிடம் வாங்கும்போது அவர் அதைத் தர மாட்டார்.

அமெரிக்காவிலிருந்து வந்த கிராஸ் உலக நாணயப் பட்டியல் பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் காசை அடையாளம் காண மட்டும். அதில் ஒவ்வொரு காசு வகைக்கும் கொடுத்திருக்கும் ‘கே.எம்.’ எண்ணைத்தான் ஏலக்காரர்களும் குறிப்பிடுவார்கள். விலை டாலரில், அதுவும் பழையது.

விலைக்கு நான் நம்புவது ஏல முடிவுகளைத்தான். மும்பை டோடிவாலா, பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் காசு ஏலத்தில் போன விலையைப் படத்தோடு இணையத்தில் வெளியிடுகின்றன. அதே ஆண்டு, அதே நாணயசாலைக் காசாகத் தேடி, மன்னரின் காதும் தாடி முடியும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று உங்கள் காசோடு ஒப்பிடுங்கள். நம் வீட்டுக் காசு நமக்கு எப்போதும் புதிதாகத்தான் தெரியும், அதனால் ஒரு படி குறைத்தே மதிப்பிடுங்கள். ஒரே ஒரு ஏலத்தை நம்பாமல் நாலைந்தைப் பாருங்கள். ஏல நிறுவனத்தின் கமிஷன் அந்த விலையில் சேர்ந்ததா என்பதையும் கவனியுங்கள்.

ஓட்டைக் காலணாவும் இருபது பைசாவும் ஏராளமாகப் புழங்கியவை. அவற்றுக்காக விலையுயர்ந்த புத்தகம் வேண்டாம்.

ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: கறுத்த வெள்ளியைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசுக்குச் சேகரிப்பாளர்கள் பாதி விலைகூடத் தர யோசிப்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, மேலே ஆண்டையும் எடையையும் எழுதி வையுங்கள்.