மைக்கைப் பிடித்தவனிடம் கேட்டவை

பகலில் திருகோணமலை உள்துறைமுக வீதிப் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் யாராவது கூப்பிட்டால் போய் நின்று சனத்தைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறேன். பதினொரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. ஸ்டாண்ட்-அப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நீங்களும் கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். "அண்ணா, ஒரு பகிடி சொல்லுங்கோ" என்று மட்டும் எழுதிய பதினாலு பேரும் மன்னிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பதில் கீழே.

பட்டிமன்றப் பேச்சாளரும் நின்றுகொண்டுதானே சிரிக்க வைக்கிறார்? இதில் என்ன புதுமை? (உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி)

பட்டிமன்றத்தில் தலைப்புத்தான் சோறு, சிரிப்பு ஊறுகாய். ஊறுகாய் புளித்துப் போனாலும் "நடுவர் அவர்களே" என்று சோற்றை அள்ளிப் போடலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. தலைப்பு, பாட்டு, வேஷம், கூட நடிக்க ஒரு ஆள் என்று எதுவும் கிடையாது. சிரிப்பு வராவிட்டால் மேடையில் மிஞ்சுவது நீங்களும் ஒரு மைக் கம்பியும்தான்.

புதுமை என்றும் சொல்ல மாட்டேன். கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில் ஒரு பஸ்ஸையே தன் வாயில் ஓட்டிக் காட்டியவர். கரவெட்டிக்காரர், 2014 இல் கனடாவில் காலமானார். இந்த நாட்டுத் தமிழில் ஸ்டாண்ட்-அப் செய்கிற எவருக்கும் அவர் பெரியப்பா முறை. ஒரு வித்தியாசம் உண்டு. அவர் கண்டக்டராக மாறிப் பேசினார். நாங்கள் நாங்களாகவே நின்று பேசுகிறோம். அதனால் அடி விழுந்தால் கண்டக்டருக்கு விழாது, எங்களுக்குத்தான் விழும்.

ஒரு பகிடி எப்படி உருவாகிறது? உங்கள் மான் கதையை வைத்தே சொல்ல முடியுமா? (பாலையூற்று)

சரி, தொழில் ரகசியம்தான், இருந்தாலும் சொல்கிறேன். கோட்டைக்குள்ளும் ரவுணுக்குள்ளும் புள்ளிமான்கள் சுற்றித் திரிவது நமக்குத் தெரிந்த கதை. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் "ச்சூ" என்று துரத்துவோம். இதை முதலில் எழுதியபோது இரண்டரை நிமிடம் வந்தது. மானின் வரலாறு, இராவணன் வெட்டு, மாரீசன் யார், பொன்மான் எதற்கு வந்தது, எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் இப்படி முடித்தேன்: "சீதை திருகோணமலைக்காரியாக இருந்திருந்தால், 'அந்தச் சனியனைத் துரத்துங்கோ, கொடியில காயப்போட்ட சாரியைத் தின்னுது' என்று இராமனிடம் சொல்லியிருப்பாள்."

மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் என் மைத்துனர்.

போனில் பதிவு செய்திருந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டு பிழை பிடிபட்டது. ஒன்று, பொன்மானும் மாரீசனும் கோயில் வாசலில் வளர்ந்த சனத்துக்குத் தெரியாதா? தெரிந்ததை விளக்கினால் சபைக்குக் கொட்டாவிதான் வரும். அது முழுவதும் போயிற்று. இரண்டாவது பிழை நம் மொழிக்கே உரியது. தமிழில் வினை கடைசியில் வரும். "தின்னுது" என்ற இடத்தில் சிரிப்பு வெடிக்க வேண்டும், நானோ அதற்குப் பின்னால் "என்று இராமனிடம் சொல்லியிருப்பாள்" என்று மூன்று பெட்டி கோர்த்த கூட்ஸ் ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்க வாய் திறந்தவர்கள், நான் இன்னும் பேசுகிறேனே என்று மரியாதையாக மூடிவிட்டார்கள்.

திருத்தியபின் சொன்னது இது: "சீதை மட்டும் நம்ம ஊர்க்காரியா இருந்திருந்தா இராமாயணமே இல்லை. மானைக் கண்டதும் இராமனைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பா: இஞ்சருங்கோ, அந்தச் சனியனைத் துரத்துங்கோ, கொடியில கிடக்கிற சாரியைத் தின்னுது!" அதோடு வாயை மூடிக்கொண்டேன். மொத்தம் இருபது விநாடி. யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்பதையெல்லாம் முன்னால் தள்ளுங்கள். வெடி கடைசிச் சொல்லில் இருக்கட்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே உங்கள் பகிடிகளில் பாதி திருந்திவிடும்.

ஐந்து நிமிடம் மேடையில் நிற்க எவ்வளவு எழுத வேண்டும்?

முதல் ஐந்து நிமிடத்துக்கு எனக்கு எட்டு மாதம் போயிற்று. ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தேற்றப் பெரிய பெரிய ஆட்களுக்கே ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். உங்களிடம் உள்ளதில் மிக நல்லதைக் கடைசிக்கு வையுங்கள், அடுத்த நல்லதை முதலில் வையுங்கள். சந்தேகமானதை நடுவில் ஒளியுங்கள். நேரம் முடிந்தது என்று பின்னாலிருந்து டோர்ச் அடித்தால் இறங்கிவிடுங்கள். இன்னும் ஒரு நிமிடம் தாருங்கள் என்று கேட்டவனை அடுத்த முறை யாரும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் யூடியூபில் இந்தியத் தமிழ்க் கலைஞர்களைப் பார்த்துத்தான் பழகுகிறேன். அது சரியா அண்ணா? (ஏ.எல். படிக்கும் மாணவன், உவர்மலை)

பாருங்கள், நன்றாகப் பாருங்கள். அலெக்சாண்டர் பாபு பாட்டையும் பேச்சையும் எப்படிக் கோர்க்கிறார், பிரவீன்குமார் குடும்பக் கதைக்குள் எப்படி ஆளை இழுக்கிறார் என்று கவனித்தால் நிறையப் படிக்கலாம். ஆனால் அவர்களின் வாயைக் கடன் வாங்காதீர்கள்.

ஒரு மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல கெட்டிக்காரப் பெடியன் ஒருவன் மேடையேறினான். "மச்சி, செம்ம காண்டாயிட்டேன் மச்சி" என்று தொடங்கினான். ஆறு நிமிடம், ஒரு பல்லும் தெரியவில்லை. வியர்த்துப்போய் இறங்கியவன், மைக் இன்னும் உயிரோடு இருப்பது தெரியாமல் சவுண்ட்காரரிடம் சொன்னான்: "ஐயோ அண்ணை, விசர் பிடிச்ச சனம், ஒருத்தரும் சிரிக்கேல்லை." மண்டபம் அதிர்ந்தது. அன்று இரவு விழுந்த மிகப் பெரிய சிரிப்பு அதுதான். ஆறு நிமிடமும் கடன் வாங்கிய வாய், அந்த ஒரு வரி மட்டும் வீட்டு வாய்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவின் ரிச்சர்ட் பிரையர் ஆரம்பத்தில் பில் காஸ்பியைப் பின்பற்றிச் சுத்தபத்தமாகப் பகிடி சொல்லிப் பேரும் பணமும் சேர்த்தவர். 1967 இல் லாஸ் வேகாஸ் ஹோட்டல் மேடை ஒன்றில் நிகழ்ச்சிக்கு நடுவே இறங்கிப் போய்விட்டார். அப்புறம் தன் ஊரான பியோரியாவில் பாட்டி நடத்திய விபசார விடுதியில் தான் வளர்ந்ததையும், அங்கே கண்ட மனிதர்களையும், அவர்கள் பேசிய மொழியிலேயே பேசத் தொடங்கினார். நாம் இன்று கொண்டாடும் பிரையர் அந்த ஆள்தான்.

நமக்கு எத்தனை வாய் இருக்கிறது! தம்பலகாமத்து வயல் பேச்சு வேறு, மூதூர்ப் பேச்சு வேறு, கிண்ணியாவில் வாப்பாவும் மகனும் சண்டை பிடிக்கிற அழகு வேறு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏன் தம்பி கடன்?

மூன்று மொழிக்காரர் இருக்கும் சபையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் தமிழில்தான் செய்கிறேன். சிங்கள நண்பர்கள் வந்தால் பக்கத்துக் கதிரைக்காரர் காதுக்குள் மொழிபெயர்ப்பார். அதனால் எங்கள் சபையில் ஒரு பகிடிக்கு இரண்டு தரம் சிரிப்பு வரும். இரண்டாவது சிரிப்புக்குக் காத்திருக்கப் பழகுங்கள், அதை மிதித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

சிரிப்பே வராமல் போன அனுபவம்? (பலர் கேட்டது. உங்களுக்கெல்லாம் இதில் என்ன அப்படி ஒரு ஆசை?)

ஒரு கல்யாணம். எந்த மண்டபம் என்று கேட்காதீர்கள். சாப்பாடு திறக்கும் அதே நிமிடத்தில் எனக்கு மைக்கைத் தந்தார்கள். ஐந்நூறு பேரின் முதுகைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் பேசினேன். புரியாணிச் சட்டி மூடி விழுந்த சத்தத்துக்குத்தான் ஒரு கைதட்டல். ஒரு ஐயா மட்டும் திரும்பி, "தம்பி, கொஞ்சம் மெதுவாப் பேசும், இஞ்ச கதைக்கிறது கேக்கேல்லை" என்றார்.

அன்றிலிருந்து இடம் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறேன். தாழ்ந்த கூரை, நெருக்கிப் போட்ட கதிரை, சபை இருட்டில், மேடை மட்டும் வெளிச்சத்தில். சிரிப்பு தொற்று வியாதி மாதிரி, நெருக்கம் இருந்தால்தான் பரவும். கடற்கரை ஹோட்டல் புல்வெளி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வந்த சிரிப்பையெல்லாம் காற்றுக் கொண்டுபோய்விடும். பகிடிக்கு முன் நீங்கள் விடுகிற அந்த ஒரு விநாடி அமைதிக்குள் அலை வந்து அடிக்கும்.

எனக்கு வயது நாற்பத்தொன்று, கணித ஆசிரியர். பிந்திவிட்டேனா?

ரொமேஷ் ரங்கநாதனைத் தெரியுமா சேர்? இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். இன்று அங்கே தொலைக்காட்சியைத் திறந்தால் அவர் முகம்தான். அதற்கு முன் என்ன செய்தார் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். பிலிஸ் டில்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1955 இல் முதல் மேடை ஏறும்போது வயது 37, ஐந்து பிள்ளைகளின் தாய். பின்வாங்கு மேசைப் பெடியன்களை நாற்பது நிமிடம் அடக்கி வைத்திருக்கிறீர்களே, அதில் பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது.

நடுவில் குறுக்கே கத்துகிறவர்களை என்ன செய்வது?

முதல் தடவை கேட்காத மாதிரி இருங்கள். இரண்டாம் தடவை அவர் சொன்னதை மைக்கில் அப்படியே திருப்பிச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். மூன்றாம் தடவை மட்டும் கடியுங்கள். சின்ன ஊர் இது. நான் கடிக்கிற ஆள் நாளைக்குக் காலையில் என் கடைக்கு ஆணி வாங்க வருவார்.

மதம், அரசியல் பற்றிப் பேசினால் உள்ளே போட்டுவிடுவார்களா?

பயமுறுத்த மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன். 2023 மே மாதம் ஸ்டாண்ட்-அப் கலைஞர் நதாஷா எதிரிசூரிய கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். கொழும்பு மேடையொன்றில் பேசியது பௌத்தத்தை இழிவுபடுத்துகிறது என்பது குற்றச்சாட்டு. பாய்ந்தது 2007 ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம். பகைமையைத் தூண்டுவதைத் தடுக்க என்று அதில் இருக்கும் 3 ஆம் பிரிவின் கீழ் பிடித்தால் நீதவான் பிணை தர முடியாது. மேல் நீதிமன்றம் வரை போக வேண்டும். அவருக்கு அங்கே பிணை கிடைத்தது ஜூலை 5 ஆம் திகதி. ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியல், எதற்கு? பகிடிக்கு. இந்தியாவில் நம் தொழில்காரர் முனாவர் ஃபாரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதாகி, உச்ச நீதிமன்றம் போய்த்தான் வெளியே வந்தார். நியூயோர்க்கில் லெனி புரூஸ் 1964 இல் ஆபாசப் பேச்சுக்குத் தண்டிக்கப்பட்டார், 1966 இல் செத்தார், 2003 இல் மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். செத்து 37 வருடம் கழித்து.

என் கணக்கு இதுதான்: அடி யார் மேல் விழுகிறது என்று பார்ப்பேன். மான் கதையில் சிரிப்பு மான் மேலும் நம் ஊர்ச் சலிப்பு மேலும் விழுகிறது, சீதை மேல் அல்ல. அடுத்தவர் கோயிலைப் பற்றிய பகிடியை அந்தக் கோயில்காரரே சொல்லட்டும். இதைக் கோழைத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு இந்த ஊரில்தான் ஆணி விற்க வேண்டும்.

மகள் ஸ்டாண்ட்-அப் செய்யப் போகிறாளாம். பெண்பிள்ளைக்கு இது சரிவருமா? (ஒரு அம்மா)

அக்கா, மேடையில் அவளுக்கு ஒரு கஷ்டமும் வராது. கஷ்டம் கீழே இருந்துதான். ஆண் "என் மனைவி" என்று தொடங்கினால் சிரிக்கிற சபை, பெண் "என் புருஷன்" என்று தொடங்கினால் புருஷன் எங்கே இருக்கிறார் என்று தேடுகிறது. இரவு நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போகவும் வரவும் ஒழுங்கு செய்யுங்கள். முதல் நிகழ்ச்சிக்கு மட்டும் நீங்கள் போகாதீர்கள். உங்களை வைத்துத்தான் அவள் எழுதியிருப்பாள்.

வருமானம்?

முதல் நிகழ்ச்சிக்கு ஒரு கொத்துரொட்டியும் பிளேன்டீயும் தந்தார்கள். இரண்டாவதுக்கு கொத்தில் முட்டை போட்டார்கள். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஆள் நடமாட்டம், அப்போது நாலு அழைப்பு வரும். மாரி தொடங்கினால் கணக்குப் புத்தகம்தான். வேலையை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் அம்மா நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறாரா?

ஒரே ஒரு முறை. முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் பிரசங்கம் கேட்பது போல அமர்ந்திருந்தா. சிரிக்கவில்லை. மான் கதைக்குச் சபை சிரித்தபோது மட்டும் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினா. ஓட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டும் வரை பேச்சில்லை. அப்புறம் சொன்னா: "எல்லாம் சரி. ஆனா நீ பிழையாச் சொல்றாய். அண்டைக்கு மான் தின்டது என்ர சாரி இல்லை. உன்ர அப்பாட சாரம்."

அடுத்த நிகழ்ச்சியில் சீதை கூப்பிட்டுச் சொன்னா: "இஞ்சருங்கோ, அந்தச் சனியனைத் துரத்துங்கோ, உங்கட சாரத்தைத் தின்னுது!"

முன்பு வந்ததைவிட இரண்டு மடங்கு சிரிப்பு. அம்மா இப்போது பங்கு கேட்கிறா.