சிஸ்டர் பதில்கள்: ஒரு கையுறை எத்தனை கட்டிலுக்கு?

கேள்வி: இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையான என் அம்மாவை (வயது 78, சர்க்கரை உண்டு) நர்ஸ் வசதியுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். தரை பளபளவென்று இருக்கும், எந்நேரமும் பினாயில் மணம். "போன மாசம்தான் ஆபீசருங்க வந்து பார்த்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போனாங்க" என்கிறார்கள். ஆனால் அம்மாவுக்கு ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு. பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் அப்படியே. கேட்டால் வேர்க்குரு என்கிறார்கள். நான் என்னதான் பார்ப்பது?
*வாசகி, மதுரை*

பதில்: முதலில் அம்மாவின் விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய இடம், பாவாடை நாடா அழுந்தும் இடம் இவற்றைப் பாருங்கள் அம்மா. ராத்திரியில் கூடுகிற அரிப்பு, அடுத்த கட்டிலிலும் அரிப்பு என்றால் நான் வேர்க்குருவை நினைக்கவே மாட்டேன். சிரங்கைத்தான் நினைப்பேன். தாமதிக்காமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். சிரங்குப் பூச்சி முதல்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே 2 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் அது ஆயாம்மாவின் கை வழியாக நாலு பேருக்குப் போயிருக்கும். அதனால் உங்கள் அம்மாவுக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. டாக்டர் உறுதி செய்துவிட்டால், அங்கே தொட்டுப் புழங்கும் முதியவர்கள், ஆயாக்கள், நர்ஸ்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் பெர்மெத்ரின் க்ரீம் பூசி, ராத்திரி முழுக்க வைத்திருந்து குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். துணி, விரிப்பு எல்லாம் வெந்நீரில் துவைக்கணும். "ஒருத்தருக்குத்தானே" என்று இல்லம் மழுப்பினால் விடாதீர்கள்.

ஆய்வு என்றீர்கள். ஆள் வருவது தெரிந்துவிட்டால் முந்தின நாளே விரிப்பு மாறும், சோப்பு வந்துவிடும், பதிவேட்டில் விட்டுப்போன கையெழுத்தெல்லாம் விழுந்துவிடும். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருந்த எனக்கு அது நன்றாகவே தெரியும். நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போங்கள், டயப்பர் மாற்றும் நேரத்துக்குப் போங்கள். ஆயாம்மா போட்டிருக்கும் கையுறையை மட்டும் கவனியுங்கள். உங்கள் அம்மாவுக்கு மாற்றிய அதே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனால், பினாயில் எத்தனை வாளி ஊற்றியும் பயனில்லை. கை கழுவும் குழாய் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, அங்கே சோப்பு ஈரமாக இருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். யூரின் பேக் தரையில் கிடக்கக் கூடாது, வயிற்று மட்டத்துக்கு மேலே தூக்கவும் கூடாது.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் பேனா எல்லாருக்கும் ஒன்றே ஒன்றா? ஊசியை மாற்றிவிட்டோம் என்பார்கள், அது போதாது. பேனாவில் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத ரத்தமே ஆபத்து. 2010-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு முதியோர் இல்லத்தில் 8 பேருக்கு ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய்) வந்து, 6 பேர் இறந்தார்கள். சர்க்கரை பார்க்கும் கருவிகளைப் பலருக்கும் பொதுவாகப் பயன்படுத்தியதே அதற்கு வழி. அந்த வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாள்வரை உயிரோடு இருக்கும். அம்மாவுக்கென்று தனிப் பேனாவும் தனி மெஷினும் வாங்கி, பெயர் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கே.

இல்லம் காதில் வாங்கவில்லையென்றால், மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். முதியோருக்கான 14567 உதவி எண்ணிலும் சொல்லலாம்.

கேள்வி: வெளிநாடுகளில் இந்த ஆய்வுகள் ஒழுங்காக நடக்கின்றனவா?
*வாசகர், கும்பகோணம்*

பதில்: அமெரிக்காவில் நர்ஸிங் ஹோம்களுக்கு முன்னறிவிப்பில்லாமல் வருகிறார்கள். அதிகபட்சம் 15 மாதத்துக்குள் அடுத்த ஆய்வு வந்தாக வேண்டும், அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். அப்படியிருந்தும், 2013 முதல் 2017 வரை ஆய்வு செய்த இல்லங்களில் 82 சதவீதத்தில் ஒரு வருடமாவது தொற்றுக் கட்டுப்பாட்டில் குறை கண்டார்கள் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே 2020-ல் சொன்னது. கை கழுவாதது, தொற்று பரவும்போது நோயாளியைத் தனியே வைக்காதது போன்ற குறைகள்தான். அறிக்கை வெளியே தெரிவது நல்ல வழக்கம். நம் ஊரிலும் ஆய்வு அறிக்கையை இல்லத்து வாசலிலேயே ஒட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: சிஸ்டர், நான் ஒரு இல்லத்தில் ஆயா வேலை பார்க்கிறேன். ராத்திரி இருபது பேருக்கு நான் ஒருத்திதான். இரண்டு ஜோடி கையுறைதான் தருவார்கள். கேட்டால் "இஷ்டமில்லைன்னா நின்னுக்கோ" என்கிறார்கள்.
*பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

பதில்: தங்கச்சி, இது உன் தப்பே இல்லை. இருபது பேருக்கு ஒரு ஆள் என்பது நிர்வாகம் செய்யும் தப்பு. ஆனால் நோய் உன் உடம்புக்கும் வரும், அதனால் கேள். கையுறையைக் கழுவித் திரும்பப் போடாதே, அதன் மேலேயே சானிடைசரும் தடவாதே. இருக்கிற கையுறையை மலம், மூத்திரம், ரத்தம், படுக்கைப் புண் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒருவருக்குப் போட்டதை அவரோடு கழற்றி எறி. மற்ற வேலைகளுக்கு வெறுங்கையே போதும். ஆனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டு 40 விநாடியாவது கழுவு. யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் சானிடைசரை நம்பாதே, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேலை செய்யும். அழுக்குத் துணியை நெஞ்சோடு அணைத்துத் தூக்காதே. பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்துவிடாதே, அந்த விஷப்புகை மூச்சை அடைத்துவிடும்.

முதியவர்களைப் பார்க்க வரும் பிள்ளைகளிடம் கையுறை பற்றாக்குறையைச் சொல்லு. பணம் கட்டுகிறவர்கள் கேட்டால் நிர்வாகம் அசையும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நீ போட்டிருக்கிறாயா? மூன்று தவணை: இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அதை உனக்குப் போட்டுவிடச் சொல்லி நிர்வாகத்திடம் கேள். இழுத்தடித்தால் காத்திருக்காதே, பக்கத்து அரசு மருத்துவமனையில் போய் விசாரி.