விக்கி தளங்களை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் புதுப் பக்கம் திறக்கும்போதே மாதிரி உரை வர என்ன செய்வது?

தொகுப்புப் பெட்டி வெறுமையாகத் திறக்காமல் வேண்டிய தலைப்புகளோடு வர, ப்ரீலோடு (மாதிரி உரையை முன்கூட்டியே ஏற்றும் வசதி) போதும். ‘வார்ப்புரு:கூட்டக்குறிப்பு’ என்ற பக்கத்தில் மாதிரியைச் சேமியுங்கள். பக்கத்தில் உள்ளீட்டுப் பெட்டி வைக்க உதவும் இன்புட்பாக்ஸ் நீட்சியை நிறுவி, அந்த உள்ளீட்டுப் பெட்டியின் வகையைக் ‘கிரியேட்’ என்று வைத்து, ப்ரீலோடு அளபுருவில் அந்தப் பக்கத்தின் முழுப் பெயரைக் கொடுங்கள். ‘வார்ப்புரு:’ முன்னொட்டை விட்டுவிட்டால் தொகுப்புப் பெட்டி காலியாகவே திறக்கும், பிழைச்செய்திகூட வராது.

பலர் மாட்டிக்கொள்வது கையொப்பத்தில்தான். மாதிரியில் கையொப்பக் குறியான ~~~~ போட்டுச் சேமித்தால் அது அப்போதே உங்கள் பெயராக மாறிவிடும். அப்புறம் யார் பக்கம் தொடங்கினாலும் உங்கள் கையொப்பம்தான்! அந்த நான்கு குறிகளையும் இரண்டிரண்டாகப் பிரித்து, நடுவே ‘இன்க்ளூட்ஒன்லி’ என்ற விக்கிக் குறிச்சொல்லைத் திறந்து உடனே மூடுங்கள். புதுப் பக்கத்தில் ஏறும்போது குறிச்சொல் உதிர்ந்து நான்கும் ஒட்டிக்கொள்ளும். வார்ப்புருவின் உள்ளடக்கத்தைச் சேமிக்கும்போதே பக்கத்தில் பதிக்கும் ‘சப்ஸ்ட்’ கட்டளை மாதிரியில் இருந்தாலும் இதே வைத்தியம்: அந்தச் சொல்லை அதே குறிச்சொல்லுக்குள் வையுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் பக்கத்தைத் தொகுக்கும்போது மாதிரி வராது.