பீரோவில் இருக்கும் பத்திரம் பத்திரமா?

கேள்வி: மறைந்த என் அப்பா 1998இல் பண்ருட்டி அருகே வாங்கிய மனையின் பத்திரம் பீரோவில் இருக்கிறது. பட்டா மட்டும் விற்றவர் பெயரில். "பத்திரம் என்றாலே பாதுகாப்புதானே, பட்டா எதற்கு?" என்கிறார் அம்மா.

அம்மாவிடம் சொல்லுங்கள், எழுத்தில் ஒன்றானாலும் இவை இரண்டு சொற்கள். ‘பத்திரமாப் போய்ட்டு வா' என்பதில் இருப்பது பத்ரகாளியில் உள்ள பத்ரம், நலம் என்று பொருள். நிலப் பத்திரம் வேறு. வில்வ பத்திரம் என்கிறோமே, அந்த இலை. இலை ஓலையாகி, ஓலை ஆவணமானது. பீரோவில் இருப்பது இலைதான்.

பதிவான கிரயம் செல்லும், பயம் வேண்டாம். ஆனால் பட்டா என்பது நிலம் யாருடையது என்று வருவாய்த்துறை வைத்திருக்கும் பதிவு. விற்றவரின் வாரிசுகள் அதைக் காட்டி வேறொருவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிடலாம். நீங்களே ஜெயிப்பீர்கள் என்றாலும் கோர்ட்டுக்கு நடப்பதும் நீங்கள்தான். இப்படிப் பழைய பத்திரம் என்றால், பதிவுத்துறை எழுதியதை வருவாய்த்துறை படிக்க, நாம் மனு போட வேண்டியிருக்கிறது! இத்தனை வருஷமாக இதே கூத்து.

சரி, செய்ய வேண்டியது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது மனைமேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியலை, நீங்களே பாருங்கள், காசில்லை. அப்புறம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகலோடு இ-சேவை மையத்தில் பட்டா மாற்றத்துக்கு மனு.

இனிதான் முக்கியம். ஆபீஸ் வாசலில், கையில் பிளாஸ்டிக் பையோடு ஒருவர் வருவார். "ஒரிஜினலைக் குடுங்க சார், பத்து நாள்ல முடிச்சுடறேன்" என்பார். கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும், கேட்டால் அதிகாரியிடம் நேரில் காட்டுங்கள். வெற்றுத்தாளில் அம்மாவின் கையெழுத்தோ கைரேகையோ கூடவே கூடாது. புரோக்கர் பெயரில் பவர், அதாவது நமக்காகச் செயல்படும் அதிகாரம், எழுதிக்கொடுத்துவிட்டு என்னிடம் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரிஜினல் கைமாறலாம் என்றால் அது வங்கிக் கடனுக்கு மட்டும். அப்போதும் எந்தெந்தப் பத்திரம், எத்தனை பக்கம் என்று பட்டியல் எழுதி முத்திரையோடு வாங்குங்கள். கடன் முழுதும் அடைத்தால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி இது. திரும்பி வந்தாலும் வேலை முடியவில்லை. அடமானம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்தது என்று வங்கி தரும் ரத்து ரசீதையும் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அடைத்த கடன் வில்லங்கத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.