ஆன்மிகத்தில் விழிப்பாக இருப்பது எப்படி? புனிதர்களின் வாழ்க்கை அதற்கு உதவுமா?

நான் மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் மளிகைக்கடை வைத்திருப்பவன். வேதசாஸ்திரமெல்லாம் படித்ததில்லை. அசந்துபோன அனுபவம் நிறைய உண்டு, அதனால் எழுதுகிறேன்.

சில வருஷத்துக்கு முன் தவக்காலத்தில் ஓரியூர் போனேன். திருவாடானைப் பக்கம், போர்ச்சுக்கலிலிருந்து வேதம் போதிக்க வந்த குரு, புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), தலை வெட்டப்பட்ட ஊர். அங்கே மண் சிவப்பு. அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பார்கள். தீப்பெட்டியில் கொஞ்சம் அள்ளி வந்து கல்லாவில் வைத்தேன். மறுநாள் கடைத் தம்பி மல்லி மூட்டையைத் தூக்க, தையல் பிரிந்து பாதி தெருவில் கொட்டியது. வாங்க வந்தவர்கள் முன்னாலேயே அவனைப் பெற்றவர்களையும் இழுத்துத் திட்டினேன். சில்லறை எடுக்கக் கல்லாவைத் திறந்தால் அந்தத் தீப்பெட்டி. மண்ணை மட்டும் கொண்டுவந்துவிட்டு, மனுஷரைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

புனிதர்களிடம் நாம் கேட்கத்தான் போகிறோம். சாவி தொலைந்தால் அந்தோணியார். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்ப்பது குறைவு. அருளானந்தர் 1647இல் லிஸ்பனில் பிறந்தவர், சின்ன வயதில் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழர். 1686இல் மறவர் நாட்டில், அதாவது ராமநாதபுரம் சீமையில், பிடித்து வதைத்து, இனி இந்தப் பக்கம் வராதே என்று விட்டார்கள். போர்ச்சுக்கல் போனார். பழைய தோழர் இப்போது ராஜா. அங்கேயே இருக்கச் சொன்னார். இவர் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் வெட்டினார்கள். அவர் இறந்த விதத்தைவிட அந்த லிஸ்பன் கட்டம்தான் என்னைப் பிடித்து இழுக்கிறது. அடி விழும்போது யாரும் விழித்துத்தான் இருப்பார்கள், மெத்தையில்தானே கண் சொக்கும்?

அவ்வளவு நம்மால் ஆகாது என்றால் பிரான்ஸ் நாட்டுக் கன்னியாஸ்திரி, சிறுமலர் தெரசாள் இருக்கிறார். 15 வயதில் மடத்துக்குள் போய் 24 வயதில் இறந்தவர். செபத்தில் தூங்கிவிடுவதை அவரே எழுதியிருக்கிறார். தூங்குகிற பிள்ளைமேலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். (இரவுச் செபமாலையின் ஐந்து பகுதியில் மூன்றாவதிலேயே ஆடி விழும் எனக்கு இது பெரிய ஆறுதல்.) அதே தெரசாள், தியானத்தின்போது பின்னால் ஒரு சகோதரி ஓயாமல் சத்தம் எழுப்ப, திரும்பி முறைக்காமல், வேர்க்க வேர்க்க அந்தச் சத்தத்தையே இசைபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் விழிப்பு என்று சொல்வது இதைத்தான்.

சரி, நான் என்ன செய்கிறேன்? அன்றைய கதையைப் பாவசங்கீர்த்தனத்தில் (பாவத்தைக் குருவிடம் அறிக்கையிடுவது) சொன்னபோது கோயில் சாமியார் ஆத்தும சோதனை, அதாவது அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் செபம், செய்யச் சொன்னார். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தம் சபையாருக்கு வகுத்துக் கொடுத்தது. அருளானந்தரும் அந்தச் சபைதான். ஷட்டரை இறக்குமுன் ஸ்டூலில் பத்து நிமிஷம் உட்காருவேன். முதலில் நன்றி. அதை விட்டால் பற்று நோட்டைப் புரட்டுவது மாதிரி கடன் மட்டும்தான் கண்ணில் படும். அப்புறம் காலையிலிருந்து யார் வந்தார்கள், எங்கே குரல் ஏறியது, எங்கே தராசைப் பார்க்காதவன்போல் இருந்தேன் என்று ஒவ்வொன்றாக. கடைசியில் மன்னிப்பு, நாளைக்குச் சரிசெய்ய ஒரே ஒரு காரியம்.

ஆரம்பித்த முதல் மூன்று இரவும் அந்தத் தம்பியின் முகம்தான் வந்தது. நாலாம் நாள் காலையில், "அன்னைக்குத் தப்பு என் மேலதாம்ப்பா" என்றேன்.

அவன் நிமிராமல், "சரி அண்ணாச்சி. சீரகம் வந்திருக்கு, எங்க இறக்க?" என்றான்.