வேகம் இருக்கிறது, பாட்டு ஏன் ஓடுகிறது?

கேள்வி: எனக்கு 16 வயது. டிரம்ஸ் கற்கிறேன். ஒரு நிமிடத்தில் யார் அதிக அடி அடிக்கிறார்கள் என்ற வேகப் போட்டிக்காகப் பயிற்சிப் பேடில் பழகி 800-ஐத் தாண்டிவிட்டேன். ஆனால் எங்கள் இசைக்குழுவில், ‘நீ வாசித்தால் காலப்பிரமாணம் ஓடுகிறது, பாட்டின் வேகம் கூடிக்கொண்டே போகிறது’ என்று சொல்லி வேறொருவனை உட்காரவைத்துவிட்டார்கள். அவனுக்கு என் வேகத்தில் பாதிகூட வராது. நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, 800 லேசுப்பட்ட காரியமில்லை. மணிக்கட்டு தளர்ந்து விரல்கள் வேலை செய்தால்தான் அது வரும். அதற்கு முதலில் ஒரு சபாஷ்.

ஆனால் போட்டியில் வைக்கும் டிரமோமீட்டர் என்ற எண்ணும் கருவிக்கு எண்ண மட்டுமே தெரியும். வலது கை அடி கனமாகவும் இடது கை அடி சோர்ந்தும் விழுந்தால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். அடிக்கும் அடிக்கும் நடுவே இடைவெளி சமமா என்று அது பார்ப்பதில்லை. பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு வேண்டியதோ அந்த இடைவெளிதான்!

2013-இல் டாம் கிராசெட் என்ற டிரம்மர் ஒரு நிமிடத்தில் 1,208 அடி அடித்துச் சாதனை படைத்தார். நொடிக்கு 20 அடி. சீராக ‘டிக்’ என்று தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 120 தட்டு வைத்து, தட்டுக்கு நாலு அடி நிரப்பினாலும் நொடிக்கு 8 போதும். உன்னிடம் 13 இருக்கிறது. ஆகவே வேகம் உன் குறையே அல்ல.

அவருக்கு முந்தைய சாதனை 1,203. அதை வைத்திருந்த மைக் மான்ஜினியை டிரீம் தியேட்டர் என்ற ராக் இசைக்குழு 2010-இல் டிரம்மர் தேர்வுக்கு அழைத்தது. அங்கே யாரும் அடியை எண்ணவில்லை. குழுவோடு சேர்ந்து பாடல்களை வாசிக்கச் சொன்னார்கள். புதிதாகத் தந்த சிக்கலான தாளக்கட்டுகளை அங்கேயே காதால் பிடிக்கவைத்தார்கள். அவர் பெர்க்லீ இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், அதற்கு முன்பே பல குழுக்களில் வாசித்தவர். அந்த அனுபவம்தான் அங்கே கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்று மெட்ரோனோமை 50-இல் வை. தட்டுக்கு ஓர் அடி மட்டும். உன் அடி சரியாக விழுந்தால் ‘டிக்’ சத்தம் அதற்குள் மறைந்து, கருவி நின்றுவிட்டதோ என்று தோன்றும். ‘டிக்’ தனியாகக் கேட்டால் நீ முந்திவிட்டாய், அல்லது பிந்திவிட்டாய். என் மாணவர்களில் வேகமாக அடிப்பவர்கள்தான் இதில் அதிகம் திணறுகிறார்கள், ஏனென்றால் காத்திருக்கக் கை பழகவில்லை. இது வசப்பட்டதும் ஸ்னேர் டிரம்மில் காதுக்கு எட்டியும் எட்டாததுமான மெல்லிய அடிகளைச் சேர். பிறகு ஒரு பாட்டை முழுக்க ஃபில் (பாட்டின் பகுதிகளுக்கு நடுவே போடும் அலங்கார அடிகள்) எதுவும் போடாமல் வாசித்துப் பதிவு செய்து கேள். எங்கே ஓடுகிறாய் என்று உனக்கே தெரிந்துவிடும். அநேகமாகப் பல்லவி திரும்பும் இடமாக இருக்கும்.

உன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் மேல் வருத்தம் வேண்டாம். ஒத்திகைக்குப் போய், அவன் பேஸ் கிட்டாரோடு எப்படிச் சேர்கிறான் என்று பக்கத்தில் நின்று கவனி.

போட்டியை விடவும் வேண்டாம். தினமும் 10 நிமிடம் அதற்கு ஒதுக்கு. முன்கை இறுகி வலித்தால் அன்றைக்கு ஸ்டிக்கைக் கீழே வைத்துவிடு.